வெள்ளைக் கரடியைக் கண்டவர் யார்? கல்லடியிலிருந்து லூரியாவை வாசித்தல்

பெரியம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஏழாவது கிழமை. கல்லடிப் பாலத்தைக் கடந்து ஓட்டோவில் அவரை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடது கையும் காலும் சோர்ந்திருந்தன. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. அங்கே ஒருவர் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, வாசித்து வாசித்து மனதுக்குள்ளேயே தமிழாக்கிக் கேள்வி கேட்டார். முப்பது புள்ளிகளுக்கான பரீட்சை அது. மூன்று மிருகங்களின் படம் காட்டினார்: சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம். சிங்கத்தைப் பெரியம்மா உடனே சொன்னார், கொடியில் பார்த்த மிருகம். காண்டாமிருகத்தைக் கொம்பு முளைத்த எருமை என்றார். இன்று என்ன திகதி என்று கேட்டபோது ஆடி பிறந்து ஐந்தாம் நாள், மாமாங்கத் தீர்த்தத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றார். கணக்கு அச்சொட்டாகச் சரி. தாளில் பிழை என்று விழுந்தது. ரயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன ஒற்றுமை என்றதற்கு, ஒற்றுமையே இல்லை, ஒன்று நமக்காகக் காத்திருக்கும், மற்றதுக்காக நாம் காத்திருக்க வேண்டும் என்று பதில் சொன்னார். அதற்கும் பூச்சியம். மொத்தம் 14 புள்ளிகள்.

அந்த 14 வெறும் எண்ணாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டின் உறுதியை மகளின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது பெரியம்மாவின் விருப்பம். தாளைப் பார்த்த உறவினர் ஒருவர், இனி அவருடைய கையெழுத்துச் செல்லாது என்று பேசத் தொடங்கிவிட்டார். ஐந்தாம் வகுப்புவரை படித்து, நாற்பது வருடம் இடியப்பம் அவித்து, எந்தக் கடை எவ்வளவு கடன் என்பதைக் கொப்பி இல்லாமல் மனதில் வைத்திருந்த மனுஷிக்கு, ஒரு மணித்தியாலத்தில் புத்தி மங்கியவர் என்ற பெயர் வந்தது.

அதே நாளில் இளம் வைத்தியர் ஒருவர் இன்னொன்றும் செய்து பார்த்தார். நல்ல கையை முதலில் முஷ்டியாக மேசையில் வைக்கச் சொன்னார், பிறகு கத்தி போல் விளிம்பாக, பிறகு உள்ளங்கையை விரித்து. முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை, திரும்பத் திரும்ப. பெரியம்மா தாளம் தப்பாமல் செய்தார். மூளையின் முன்பகுதி கையின் செயல்களை வரிசைப்படுத்தும் விதத்தைப் பார்க்கும் சோதனை அது, லூரியா என்ற ரஷ்யருடையது என்றார் வைத்தியர். அன்றிரவு அந்தப் பெயரைத் தேடத் தொடங்கியவள், இரண்டு மாதமாக அவரை விட்டு வெளியே வரவில்லை.

அலெக்சாந்தர் ரோமானோவிச் லூரியா 1902 ஜூலை 16 அன்று வொல்கா நதிக்கரை நகரமான கசானில் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை வைத்தியர், தாய் பல் வைத்தியர். கசான் தாத்தார் மக்களின் நகரம். தாத்தார் மொழி துருக்கி மொழியின் உறவுமொழி. புரட்சியும் உள்நாட்டுப் போரும் நாட்டைப் புரட்டிப் போட்ட காலத்தில் பல்கலைக்கழகம் போய், 1921 இல், பத்தொன்பது வயதில் பட்டம் பெற்றார். வைத்தியம் படி என்று தந்தை சொன்னார். மகன் கேட்கவில்லை. உளப்பகுப்பாய்வில் பித்துப்பிடித்து கசானில் அதற்கென ஒரு சங்கத்தையே தொடங்கி, வியன்னாவுக்கு பிராய்டுக்குக் கடிதமும் எழுதினார். பதிலும் வந்தது.

1923 இல் மொஸ்கோவுக்கு வந்தார். அடுத்த வருடம் லெனின்கிராட் மாநாடு ஒன்றில் வைகொட்ஸ்கியின் உரையைக் கேட்டார். ஏறத்தாழ லூரியாவின் தோற்றமே மாறியது அங்கிருந்துதான். மனித மனம் மண்டையோட்டுக்குள் மட்டும் உருவாவதில்லை, மொழியும் கருவிகளும் கூடி வாழும் முறையும் அதை உருவாக்குகின்றன என்பது வைகொட்ஸ்கியின் எண்ணம். அந்த நாட்களில் அவர்கள் செய்த ஒரு சிறு பரிசோதனையை மறக்க முடியவில்லை. பார்க்கின்சன் நோயால் சமதரையில் அடுத்தடுத்து இரண்டு அடி வைக்க முடியாதவர்களுக்கு முன்னால் தரையில் காகிதத் துண்டுகளைப் போட்டார்கள். ஒவ்வொரு துண்டாகத் தாண்டித் தாண்டி அவர்கள் நடந்தார்கள். உள்ளே அறுந்த வழியை வெளியே கிடக்கும் ஒரு பொருளால் இணைக்கலாம். லூரியாவின் மீதி வாழ்க்கை பெரும்பாலும் அந்தக் காகிதத் துண்டுகளிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1931, 1932 கோடைகளில் லூரியா உஸ்பெகிஸ்தானுக்கும் கிர்கிசியாவுக்கும் ஆய்வுக் குழுவோடு போனார். காசநோயால் நலிந்திருந்த வைகொட்ஸ்கியால் போக முடியவில்லை. உஸ்பெக்கும் துருக்கி மொழியின் உறவுதான். எழுத்து வாசனையே இல்லாத மலைக்கிராமத்து விவசாயிகள், வீட்டின் உட்பகுதியிலேயே வாழ்ந்த பெண்கள், குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள், கூட்டுப் பண்ணையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று பல தரப்பினர் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று பார்ப்பது நோக்கம். பெண்களின் உட்பகுதிக்கு ஆண்கள் போக முடியாது என்பதால் அங்கே பெண் ஆய்வாளர்கள் போனார்கள். பரீட்சை வைப்பதுபோல் வைக்கவில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்து நீளக் கதைத்து, நடுவில் விடுகதை போடுவதுபோல் கேள்வியை இறக்கினார்கள். இன்னொருவர் ஓரமாக இருந்து குறிப்பெடுத்தார்.

வட்டத்தைக் காட்டினால் படித்தவர்கள் வட்டம் என்றார்கள். கிராமத்துப் பெண்கள் தட்டு, சல்லடை, நிலா என்றார்கள். சதுரம் அவர்களுக்குக் கதவு, கண்ணாடி, அப்ரிகொட் பழம் காயவைக்கும் பலகை. நிற நூல்களைக் கொடுத்தால் பீச் பழ நிறம், ஈரல் நிறம், கெட்டுப்போன பருத்தி நிறம், பிஸ்தா நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். எல்லாவற்றையும் சில குவியல்களாகப் பிரி என்றால், ஒன்றுபோல் ஒன்று இல்லாததை எப்படிச் சேர்ப்பது என்று மறுத்தார்கள். சுத்தியல், வாள், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கில் சேராதது எது என்று கேட்டதற்கு, எதுவும் சேராமல் இல்லை, கட்டை இல்லாவிட்டால் வாளுக்கு என்ன வேலை என்றார்கள்.

இனி அந்தப் பிரபலமான கரடி. வடக்கே பனி பெய்யும் தூரதேசத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா அந்த வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? நான் அங்கே போனதில்லை, காணாததைப் பற்றி நான் பேசுவதில்லை, கண்டவரைப் போய்க் கேளுங்கள் என்ற பொருளில்தான் விவசாயிகள் பதில் சொன்னார்கள். ஓரிரு வருடம் பள்ளிக்கூடம் போனவர்கள் வெள்ளை என்றார்கள். படிப்பறிவு மனத்தின் கட்டமைப்பையே மாற்றுகிறது என்பது லூரியா எடுத்த முடிவு.

இந்த இடத்தில் லூரியாவோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவரின் சிந்தனையை வளர்ச்சியின் கீழ்ப்படி என்று அவர் வைத்தார். ஆனால் 1931 என்பது கட்டாயக் கூட்டுப் பண்ணையாக்கம் நடந்துகொண்டிருந்த காலம். நிலம் பறிபோகிறது, ஆட்கள் நாடு கடத்தப்படுகிறார்கள். மொஸ்கோவிலிருந்து வந்த ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார், பக்கத்தில் ஒருவர் எழுதுகிறார். இந்தக் காட்சியை மட்டக்களப்பில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பிலும் சோதனைச்சாவடியிலும் முகாமிலும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். காணவில்லை, தெரியாது, கண்டவரைக் கேளுங்கள் என்பது நம் வீடுகளில் உயிரைக் காத்த வாக்கியம். 1990 இல் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு போனபின் பெரியம்மாவிடம் எத்தனை பேர் வந்து எத்தனை படிவம் நிரப்பினார்கள். முன்பின் தெரியாதவர் தாளோடு உட்கார்ந்தால் அவர் குறைவாகப் பேசுவார், அளந்து பேசுவார். அதற்கு எந்தப் புள்ளித்திட்டத்திலும் இடமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படிச் சண்டை பிடிக்க எனக்கு ஆதாரம் கிடைத்ததே லூரியாவிடமிருந்துதான். பதில்களைச் சரி, பிழை என்று மட்டும் குறித்து எறிந்துவிடாமல், மக்கள் சொன்ன காரணத்தை முழுதாக எழுதிவைத்தவர் அவர். அதனால்தான் தொண்ணூறு வருடம் கழித்தும் அந்த விவசாயியின் நியாயம் நம் காதில் விழுகிறது.

மொஸ்கோ திரும்பியதும் நெருப்பு விழுந்தது. தேசிய இனங்களைக் கேவலப்படுத்துகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். ஆய்வு முடிவுகள் நாற்பது வருடம் பெட்டிக்குள் கிடந்து, நூலாக வந்தது 1974 இல்தான். 1934 இல் வைகொட்ஸ்கி இறந்தார். 1936 இல் குழந்தையியல் என்ற துறையே கட்சி ஆணையால் ஒழிக்கப்பட்டது, அத்தோடு பள்ளிகளில் உளச்சோதனைகளும் போயின. லூரியா அமைதியாக ஒரு காரியம் செய்தார். தந்தை சொன்ன வைத்தியப் படிப்புக்குத் திரும்பி 1937 இல் அதை முடித்தார். பிறகு மொஸ்கோவில் பேர்பெற்ற புர்தென்கோ நரம்புச் சத்திரசிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். அரசியல் எட்டாத இடம் என்று நினைத்து மூளைக்குள் ஒளிந்துகொண்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம்.

1941 இல் போர் வந்தது. யூரல் மலைப்பகுதியில் செல்யாபின்ஸ்க் அருகே கிசெகாச் என்ற இடத்திலிருந்த சுகவாச நிலையத்தை, தலையில் காயப்பட்ட படையினருக்கான 400 கட்டில் வைத்தியசாலையாக மாற்றும் பொறுப்பு லூரியாவிடம் வந்தது. தோட்டாவும் எறிகணைச் சிதறலும் மூளையின் ஒவ்வொரு மூலையையும் துளைத்துக்கொண்டு வந்து சேர்ந்தன. பேச்சுப் போனவர்கள், பேசுவது புரியாதவர்கள், எழுத்து மறந்தவர்கள், சட்டையின் கை எது என்று தெரியாதவர்கள். பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். உடம்பில் சிதறலோடு இன்றும் நடமாடுபவர்கள் உள்ள ஊர்களில் இருந்து இதை வாசிக்கும்போது யூரல் மலை தூரமாகத் தெரியவில்லை.

கட்டிலடியில் உட்கார்ந்து லூரியா செய்தது எளிமையானது. இந்த ஆளால் எழுத முடியவில்லை என்று குறித்துவிட்டுப் போவதில்லை. எழுதுவதற்கு ஒலியைப் பிரித்துக் கேட்க வேண்டும், எழுத்தின் உருவத்தை நினைக்க வேண்டும், கை வரிசையாக அசைய வேண்டும், என்ன எழுத வந்தோம் என்பதை மறக்காமல் இருக்க வேண்டும். இதில் எது அறுந்தது? அறுந்ததைக் கண்டுபிடித்தால், அறுபடாத இன்னொன்றை அதன் இடத்தில் பூட்டலாம். ஒருவருடைய ஒரே பிழை ஐந்து வெவ்வேறு காரணத்தால் வரலாம், ஆகவே கூட்டுத்தொகையை விட பிழையின் விதம் முக்கியம் என்பது அவர் பாடம். முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை சோதனையும் இப்படிப்பட்ட அனுபவத்தில் விளைந்தது. செலவில்லை, கருவி தேவையில்லை, எழுத்தறிவும் தேவையில்லை.

அங்கே அவர் சந்தித்தவர்களில் ஒருவர் லெவ் சசெட்ஸ்கி. பொறியியல் மாணவர், 1943 மார்ச்சில் ஸ்மொலென்ஸ்க் பக்கத்தில் தலையின் இடது பின்புறத்தைத் தோட்டா துளைத்தது. உலகின் வலது பாதி அவருக்கு இல்லாமல் போனது. தன் காலே எங்கே என்று தேடினார். வாசிப்பு அறவே போனது. ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதவும் முடியவில்லை. ஆனால் யோசிக்காமல், கையைத் தூக்காமல் ஓடவிட்டால் சொல் தானாக வந்து விழுந்தது. கைக்குப் பழகிய ஓட்டம் காயப்படவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு சசெட்ஸ்கி இருபத்தைந்து வருடமாகத் தன் கதையை எழுதினார், ஏறத்தாழ 3000 பக்கம். சில நாட்களில் முழு நாளைக்கும் சில வரிகள்தான். எழுதியதைத் திரும்ப வாசிப்பதே பெரும்பாடு. லூரியா அவரை விட்டு விலகவில்லை. 1971 இல் இருவரின் எழுத்தையும் சேர்த்து ஒரு நூல் வந்தது. எண்களுக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்துவது எப்படி என்று ஊடகக் கல்வியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நூல் சொல்லித்தந்தது.

சசெட்ஸ்கிக்கு விளங்காத ஒரு விடயம் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. தகப்பனின் சகோதரன் என்பதற்கும் சகோதரனின் தகப்பன் என்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு சொல்லும் தெரியும், இணைப்புத்தான் அறுந்திருந்தது. லூரியா இதைச் சோதனையாகவே வைத்திருந்தார். தமிழுக்குக் கொண்டு வந்து பாருங்கள். அப்பாவின் தம்பி யார் என்று கேட்டால் நம் நாக்கு யோசிக்காமல் சித்தப்பா என்கிறது. அண்ணன் என்றால் பெரியப்பா, அம்மாவின் சகோதரன் என்றால் மாமா. ரஷ்யரின் மூளை வியர்வை சிந்திக் கட்ட வேண்டிய உறவை நமக்கு மொழி முன்கூட்டியே கட்டிக் கையில் தந்துவிட்டது. அதே கேள்வி, ஆனால் அதே சோதனை அல்ல. மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் சோதனை பிழைத்துப்போகும் இடம் இதுதான்.

லூரியாவின் பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். போருக்குப் பின் 1947 இல் காயத்தால் வரும் பேச்சிழப்புப் பற்றிய அவர் நூல் வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மறுபடியும் அரசியல் காற்று மாறி, புர்தென்கோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடு வேலை செய்தார், பத்தாண்டு முடிவதற்குள் திரும்பிவந்தார். 1962 இல் வெளியான மூளைப் புறணி பற்றிய பெருநூல் அவரை உலகறியச் செய்தது. 1977 ஓகஸ்ட் 14 அன்று மொஸ்கோவில் இதயநோயால் இறந்தார்.

பெரியம்மாவுக்கு வைத்த முப்பது புள்ளித் தாள் 2005 இல் கனடாவின் மொன்ட்ரியலில் வெளியானது. 26 க்குக் கீழே போனால் மேலும் பார்க்க வேண்டும் என்பது அதன் மூல விதி. பன்னிரண்டு வருடம் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு புள்ளி கருணை உண்டு. ஐந்தாம் வகுப்புக்கும் அதே ஒரு புள்ளிதான். துருக்கியில் அதைத் துருக்கி மொழிக்குக் கொண்டுவந்து தகுதிகண்டிருக்கிறார்கள். தமிழிலும் யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ஆகவே நம்மிடம் எதுவுமே இல்லை என்று புலம்புவது நியாயமில்லை. நான் பார்த்த மேசையில் அது இருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

தகுதிகாண்பது என்றால் சொல்லுக்குச் சொல் மாற்றுவதல்ல. ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டும் எங்கே முட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். நோயில்லாதவர்களிடம், பல வயதினரிடம், பள்ளிக்கூடம் போனவரிடமும் போகாதவரிடமும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு நோயாளர்களிடம் வைத்து, நிபுணர் மணிக்கணக்காகச் செய்யும் முழுப் பரிசோதனையோடு ஒப்பிட வேண்டும். நோயுள்ளவர் எத்தனை பேரைத் தவறவிடுகிறது, நோயில்லாதவர் எத்தனை பேரைப் பிடித்துப்போடுகிறது என்று எண்ண வேண்டும். வெட்டுப்புள்ளி அந்த ஊரின் எண்ணிலிருந்து வர வேண்டும், மொன்ட்ரியலின் எண்ணிலிருந்து அல்ல. இடப்பெயர்வால் பள்ளிக்கூடம் அறுந்த ஒரு தலைமுறையே உள்ள கிழக்கில் இது சின்ன வேலை இல்லை.

கல்லடி உப்போடையில் விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிறது, பெரியம்மா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். விஞ்ஞானம் படித்த அடிகள் 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அவர்கள் தேடியது விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல். இந்தத் தாளுக்கு வேண்டியதோ அடுப்படியிலும் வாவிக்கரையிலும் ஏற்கனவே கிடக்கிற சொல்.

இவ்வளவு குறை சொன்ன எனக்கு அதே தாள் ஒரு பாடமும் வைத்திருந்தது. கடிகாரம் வரையச் சொன்னபோது பெரியம்மா பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கிப் போட்டிருந்தார். இடது பக்கம் வெறுமை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சோற்றுக்கோப்பையின் இடது பாதி அப்படியே மீந்திருந்தது. பசியில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கண் பழுதில்லை, பாரிசவாதம் அவருடைய கவனத்திலிருந்து இடது பக்கத்தை எடுத்துவிட்டது. புத்தி மங்கலில்லை, வேறொன்று. பாரிசவாதம் கண்டவர்களுக்கென்றே ஒக்ஸ்போர்டில் உருவாக்கி 2015 இல் வெளியிட்ட ஒரு சோதனைக் கருவி இந்த வேறுபாட்டைத்தான் தனித்தனியாகப் பார்க்கிறது. பேச்சுப் போனவரும் செய்யலாம், பக்கக் கவனம் போனவருக்கும் மற்றக் கேள்விகளில் அநியாயம் நடக்காது, கடைசியில் ஒரே கூட்டுப் புள்ளியும் இல்லை. லூரியா பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

அந்த இளம் வைத்தியரிடம் திரும்பப் போனோம். ஆரம்பச் சோதனை யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும்தான், உறுதி எழுதும் தகுதியை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது, அதற்கு வேறு மதிப்பீடு இருக்கிறது என்று அவர் உறவினரிடம் நேரில் சொன்னார். அந்த மதிப்பீட்டுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பெரியம்மாவின் தட்டின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். நூல் தெரியும்வரை தலையைத் திருப்பிச் சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. லூரியாவின் காகிதத் துண்டு மாதிரித்தான்.

போன ஞாயிறு திண்ணையில் இருந்தபோது அந்தக் கரடிக் கேள்வியை அவரிடம் கேட்டேன். பரீட்சை என்று சொல்லவில்லை, ஒரு ரஷ்யக்காரர் கேட்ட விடுகதை என்றேன். பெரியம்மா கொஞ்ச நேரம் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த ஆள் அங்கே போய்த் தன் கண்ணால் கரடியைக் கண்டவரா என்று என்னிடம் கேட்டார்.